பதினோராவது கேள்வி

மூளையில் அடிபட்டுப் பிழைத்தவர் தன் காரியங்களை எந்த அளவுக்குத் தானே பார்த்துக்கொள்கிறார் என்று அளக்க எங்களிடம் ஒரு படிவம் உண்டு. பார்தெல் அட்டவணை என்பார்கள். அமெரிக்காவில் 1965-இல் வெளியானது, இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. சாப்பிடுவது, குளிப்பது, பல் துலக்கித் தலை வாருவது, உடுத்துவது, மலத்தை அடக்குவது, சிறுநீரை அடக்குவது, கழிப்பறை போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படியேறுவது என்று மொத்தம் பத்துக் கேள்விகள். எல்லாவற்றையும் துணையில்லாமல் செய்பவருக்கு 100 மதிப்பெண்.

மதுரையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், யாராவது அந்த 100-ஐத் தொட்டுவிட்டால் எங்கள் பிரிவே மகிழ்ச்சியில் திளைக்கும். அப்படித் தொடப்போகிற நிலையில் இருந்தார் ஓர் இளைஞர். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. இரவில் பைக்கில் வரும்போது சாலைத் தடுப்பில் மோதி விழுந்தவர், தலைக்கவசம் போட்டிருக்கவில்லை. வீங்கிய மூளையின் அழுத்தம் குறைவதற்காக மண்டையோட்டின் வலப்பக்க எலும்பை எடுத்து வயிற்றுத் தோலுக்கடியில் வைத்திருந்தார்கள். பிறகு அதை எடுத்துப் பழைய இடத்தில் பொருத்தியாகிவிட்டது. இடது கையில் மட்டும் இன்னும் பலம் வரவில்லை.

எங்கள் பிரிவில் பயிற்சிக்கென்றே ஒரு சின்னச் சமையலறை இருந்தது. ஒற்றைக் கையால் காய் நறுக்க ஒரு பலகை வைத்திருந்தோம். அதன் நடுவில் இரண்டு துருப்பிடிக்காத ஆணிகள் மேல்நோக்கி நிற்கும். வெங்காயத்தையோ உருளைக்கிழங்கையோ அதில் குத்தி நிறுத்தினால் நழுவாது. அன்று அவர் பாதி உருளைக்கிழங்கை நறுக்கி முடித்ததும் மனைவி, "தம்பியோட போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்று அவரை அனுப்பினார். அவர் போனதும் கதவைச் சாத்தினார். எங்கள் பிரிவில் கதவு வைத்த அறை அது ஒன்றுதான்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இவரு பக்கத்துல நான் படுக்கலாமா?"

படிவத்தின் பத்துக் கேள்விகளில் இது இல்லை. எனக்குப் புரியாமல் போய்விடக் கூடாதென்று அவரே தொடர்ந்தார். "எங்க அத்தை கூடவே கூடாதுங்கறாங்க. தலைக்குள்ள நரம்பு வெடிச்சிரும், மறுபடி கோமாவுக்குப் போயிருவான்னு சொல்றாங்க. ராத்திரி அவங்கதான் இவரு கட்டிலுக்குக் கீழ பாய் போட்டுப் படுக்குறாங்க. நானும் பாப்பாவும் உள்ரூம்ல."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, அதைவிடக் கடினமானதைச் சொன்னார். "படுக்கலாம்னு நீங்க சொன்னாலும் என்னால முடியுமான்னு தெரியல. மூணு மாசம் டயபர் மாத்தி, வாயைத் தொடச்சு, ஊட்டி விட்டிருக்கேன். எனக்கு இவரு இன்னொரு பிள்ளை மாதிரி ஆயிட்டாரு மேடம்."

பயம், தூங்குகிற இடம், மாறிப்போன உறவு. ஒரு குடும்பத்தின் மூன்று சிக்கல்களும் அந்தச் சில நிமிடங்களில் வந்துவிட்டன. அதன்பின் எத்தனையோ வீடுகளில் இதே மூன்றையும் பார்த்திருக்கிறேன்.

முதலாவதற்குப் பதில் எளிது. அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர் வழக்கமான வேலைகளுக்கு அனுமதி கொடுத்து, ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தாம்பத்தியத்தால் தனியாக ஓர் ஆபத்தும் வராது. இரண்டு மாடிப்படி ஏறுகிற அளவு உழைப்புதான் அது. அவரோ தினமும் எங்கள் கண்முன்னே படியேறிக்கொண்டிருந்தார். வலிப்பு மாத்திரையை நேரம் தவறாமல் போட வேண்டும், தூக்கம் கெடக்கூடாது என்பவை எப்போதும் உள்ள விதிகள். அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் நானே கேட்டு, அவர் வாயாலேயே மாமியாருக்கும் சொல்ல வைத்தேன். மருத்துவர் சொன்ன பிறகு அந்த அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. பிள்ளையை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில்தான் அவர் காவல் படுத்திருந்தார்.

மற்ற இரண்டும் எங்கள் வேலை. அதை எனக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பிரிவின் மூத்த தெரபிஸ்ட். நாங்கள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். "குளிக்க வைக்கிறது, சட்டை போட வைக்கிறது நம்ம வேலைன்னா இதுவும் நம்ம வேலைதான்" என்றார். அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கத்தின் நடைமுறைச் சட்டகத்தைக் காட்டினார். அன்றாடச் செயல்களின் பட்டியலில் குளிப்பதும் உண்பதும் உடுத்துவதும் இருக்கிற அதே வரிசையில் பாலுறவும் இருந்தது. 2020-இல் வந்த நான்காம் பதிப்பிலும் அது அங்கேதான் இருக்கிறது.

அக்கா இரண்டு மாற்றங்கள் சொன்னார். கணவரைக் காலையில் குளிப்பாட்டி விடுவதைத் தம்பி ஏற்றுக்கொள்ளட்டும், மனைவி அந்த நேரத்தில் குளியலறைப் பக்கமே போக வேண்டாம். அடுத்தது கட்டில். வாடகைக்கு எடுத்த இரும்புக் கட்டில், இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு, ஒருவர்தான் படுக்க முடியும். அவர் புரண்டு விழும் நிலையைத் தாண்டி வெகுநாளாகியிருந்தது. கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளறையில் பழைய படுக்கையைப் போட்டார்கள். பேத்தி பாட்டியோடு கூடத்தில் படுத்தாள். வீட்டுக்குள் சக்கர நாற்காலி திரும்ப இடம் இருக்கிறதா என்று அளப்பவர்கள் நாங்கள். கணவனும் மனைவியும் தனித்திருக்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதே வேலையின் பகுதி.

இந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஜாக் ஆனன் என்ற உளவியலாளர் 1970-களில் வகுத்தது. பிலிசிட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதில் நான்கு படிகள். முதலில் பேசுவதற்கான அனுமதி, அடுத்து அவருக்குத் தேவையான அளவு தகவல், பிறகு அவருடைய நிலைக்கேற்ற யோசனைகள், கடைசியாகத் தேவைப்படுபவருக்கு மட்டும் நிபுணரின் தீவிர சிகிச்சை. 2006-இல் சாலி டேவிஸ், பிரிட்ஜெட் டெய்லர் என்ற இருவர் இதை விரிவாக்கி, அனுமதி முதல் படியோடு முடிவதில்லை, ஒவ்வொரு படியிலும் அது வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். பெரும்பாலானவர்களுக்கு முதல் மூன்று படிகளே போதும் என்பது என் அனுபவம்.

எங்கள் ஊருக்கு அந்த அனுமதி எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை அக்கா பழக்கிவிட்டார். "தலையில அடிபட்டவங்கள்ல நிறையப் பேருக்குக் கணவன் மனைவி உறவுல மாற்றம் வருது. உங்களுக்கும் அதைப் பத்தி ஏதாவது கேக்கணும்னா எப்ப வேணும்னாலும் கேளுங்க. இப்பவேன்னு இல்ல." அவ்வளவுதான். யாரையும் துருவிக் கேட்பதில்லை. ஆண்களிடம் பெரும்பாலும் எங்கள் ஆண் தெரபிஸ்ட் பேசுவார், பெண்களிடம் நான். வார்டில் மற்றவர்கள் காதில் விழும்படி ஒருபோதும் பேசுவதில்லை. அன்று தலையாட்டிவிட்டுப் போனவர்கள் பல வாரம் கழித்து, "மேடம், அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்களே" என்று வந்து நிற்பார்கள்.

வந்து கேட்பவர்களில் பலர் ஆசை அடியோடு போய்விட்டது என்பார்கள். இதை மனசு சரியில்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி மூளைக்கு அடியில் மெல்லிய காம்பில் தொங்குகிறது. தலை பலமாக அதிரும்போது அதுவும் காயப்படலாம். அப்போது ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையலாம், பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கலாம். காலை ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம், மருந்தும் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சிலவும், சில வலிப்பு மாத்திரைகளும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் ஆசையைக் குறைக்கும் அல்லது உடலை ஒத்துழைக்க விடாமல் செய்யும். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார். வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். கூச்சத்தால் மருத்துவரிடம் சொல்லாமல், லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர்களிடம் ஆயிரக்கணக்கில் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வீரிய மாத்திரை வாங்கியவர்களும் உண்டு. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை போடுகிறவருக்கு அது உயிரையே பறிக்கக் கூடியது.

இன்னொரு எதிரி களைப்பு. மூளைக் காயத்துக்குப் பின் வரும் களைப்பு தூங்கி எழுந்தால் போகிற சாதாரணக் களைப்பு இல்லை. இரவு எட்டு மணிக்குமேல் பேசவே முடியாதவருக்கு இரவைவிட விடியற்காலை உகந்தது என்று சொல்வோம். கை கால் இறுக்கம் உள்ளவர் அதற்கான மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். முன்னதாகச் சிறுநீர் கழித்துவிட வேண்டும். பக்கவாட்டில் படுத்து, பலமில்லாத கைக்கும் முழங்காலுக்கும் அடியில் தலையணை கொடுத்தால் வலியும் இறுக்கமும் குறையும். இடப்பக்கம் இருப்பதையே மூளை கவனிக்காதவரிடம் துணை வலப்பக்கத்திலிருந்து வர வேண்டும். தொடு உணர்ச்சி எங்கே இருக்கிறது, எங்கே மரத்திருக்கிறது, எங்கே தொட்டால் எரிகிறது என்பதை இருவரும் அவசரமில்லாமல் கண்டுகொள்ளலாம். இவ்வளவையும் ஒரு பொம்மையையும் நான்கு தலையணைகளையும் வைத்துக்கொண்டு விளக்குவேன். கேட்பவர்கள் முதலில் தரையைப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் முழங்கால் வலிக்கு என்ன செய்வது என்று கேட்பதுபோல் இயல்பாகக் கேட்கத் தொடங்குவார்கள்.

பேச்சே போனவர் எப்படிக் கேட்பார்? இடப்பக்க மூளை அடிபட்டுச் சொற்களை இழந்த ஒரு நடுவயதுக்காரர் இருந்தார். படங்கள் ஒட்டிய அட்டைகளைக் காட்டித்தான் தன் தேவையைச் சொல்வார். தண்ணீர், சோறு, கழிப்பறை, வலி, மின்விசிறி, டி.வி. எல்லாம் இருந்தன. மனைவி பார்க்க வரும் நேரத்தில் மட்டும் அவர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, எதுவும் கிடைக்காமல் தூக்கி எறிவார். பேச்சுப் பயிற்சியாளரோடு சேர்ந்து மூன்று அட்டைகள் வரைந்தோம்: பக்கத்தில் உட்கார், கையைப் பிடி, எங்களைத் தனியாக விடுங்கள். முதல்முறை கொடுத்தபோது மூன்றாவதை எடுத்து எனக்கு முன்னால் நீட்டினார். நான் திரையை இழுத்துவிட்டு வெளியே வந்தேன். அதன்பின் அவர் அட்டைகளை எறிந்ததில்லை.

ஆசை குறைவது ஒரு பக்கம் என்றால் அடக்கம் குலைவது மறுபக்கம். நெற்றிக்குப் பின்னால், கண்களுக்கு மேலே உள்ள மூளைப் பகுதிதான், 'இது இடமில்லை, இது முறையில்லை' என்று நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. அது நசுங்கிப்போன ஒரு கல்லூரி மாணவன் செவிலியர்களின் கையைப் பிடித்து இழுத்தான். எல்லார் முன்னிலையிலும் உடையை விலக்கினான். வார்டே அவனைப் பொறுக்கி என்றது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பிள்ளை பொம்பளப் பிள்ளைங்க முகத்தை நிமிந்து பாத்ததில்ல மேடம்" என்றார். அவர் சொன்னது உண்மையென்று ஸ்கேன் படமே சொன்னது.

அதற்காகச் செவிலியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவர்களுடைய பாதுகாப்பும் மரியாதையும் முதலில். எந்த நேரத்தில், யார் பக்கத்தில் இருக்கும்போது, அதற்கு முன் என்ன நடந்தபோது அவன் அப்படிச் செய்கிறான் என்று எழுதி வைத்தோம். வேலையில்லாமல் படுத்திருக்கும் மதியங்களில்தான் பெரும்பாலும் நடந்தது. அந்த நேரத்தைப் பயிற்சியால் நிரப்பினோம். கையை நீட்டினால் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம்: "தொடக்கூடாது. கையை எடு." சிரிக்கவும் கூடாது, திட்டவும் கூடாது. இரண்டுமே அவனைத் தூண்டும். சொல்லிவிட்டு உடனே வேறு வேலைக்குத் திருப்ப வேண்டும். சுய இன்பம் குற்றமில்லை, ஆனால் அதற்குரிய இடம் தாழிட்ட தனியறைதான் என்பதை எங்கள் ஆண் தெரபிஸ்ட் அவனுக்கும், பின்னர் அவனுடைய அப்பாவுக்கும் விளக்கினார். அது உடலை அழிக்கும் என்று இரவு நேரத் தொலைக்காட்சி வைத்தியர்கள் விதைத்த பயம் அந்த அப்பாவிடமும் இருந்தது. படிப்படியாக அவன் அடங்கினான். முற்றிலும் மாறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டிப்போடாமல் அவனை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது.

வீடு திரும்பிய சில மாதங்களில் அம்மா மறுபடி வந்தார். "ஒரு கால்கட்டுப் போட்டுட்டா சரியாயிருவான்னு சொந்தக்காரங்க சொல்றாங்க." இந்த வாக்கியத்தை நான் கேட்காத ஆண்டே இல்லை. என் பதிலும் மாறியதில்லை. கல்யாணம் மூளைக் காயத்துக்கு வைத்தியமில்லை. அடிபட்டவருக்குத் திருமணம் செய்துகொள்ள முழு உரிமை இருக்கிறது. வரப்போகிற பெண்ணுக்கும் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு சம்மதிக்கவோ மறுக்கவோ அதே அளவு உரிமை இருக்கிறது. மறைத்து நடத்தும் திருமணத்தில் இரண்டு பேருடைய வாழ்க்கையும் உடையும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஆணுக்கு அடிபட்டால் மனைவி பார்த்துக்கொள்கிறாள். பெண்ணுக்கு அடிபட்டால், நான் பார்த்தவரையில், பல வீடுகளில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். பைக்கின் பின்னிருக்கையில் போகும்போது சேலை சக்கரத்தில் சிக்கி விழுந்த ஒரு பெண் எங்களிடம் வந்தார். கை கால் நன்றாக இருந்தன. நினைவு மட்டும் நிற்காது. காலையில் சாப்பிட்டது மதியம் மறந்துவிடும். நாட்குறிப்பு எழுதப் பழக்கிக்கொண்டிருந்தபோது, "நேத்து ராத்திரி என்ன நடந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்லக்கா. ஆனா எனக்கு வலிக்குது" என்றார்.

கணவரை அழைத்து உட்கார வைத்தேன். சம்மதம் என்பது ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெற வேண்டியது, மனைவி குழம்பியிருக்கும் நேரத்தில் அது சம்மதம் ஆகாது என்று நேராகச் சொன்னேன். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறையாகவே கணக்கில் எடுக்கிறது என்பதையும் சொன்னேன். அந்தப் பெண்ணை மகப்பேறு மருத்துவரிடமும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமும் அனுப்பினேன். அப்போதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. அவர் கருத்தடை மாத்திரையை நம்பியிருந்தார். எடுத்தோமா இல்லையா என்பது அவருக்கு நினைவில்லை. போதாக்குறைக்கு அவர் சாப்பிட்ட ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்து கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். வால்ப்ரோயேட் போன்ற சில வலிப்பு மருந்துகள் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடும். மருத்துவர் கருத்தடை முறையை மாற்றினார். சில வாரம் அம்மா வீட்டில் இருப்பது என்று அந்தப் பெண்ணே முடிவெடுத்தார். இது எதுவும் எந்த மருந்துச்சீட்டிலும் இல்லை. ஒருவர் கேட்டதால் தெரியவந்தது.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் வந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். உயிர்கள் காக்கப்படுகின்றன, மகிழ்ச்சி. பிழைத்தவர்களில் பலர் இளைஞர்கள். அவர்களுக்கு முன்னால் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்டது. திருமணம், குடும்பம், பாலியல் நலம் எல்லாம் அதில் உரிமைகளாக எழுதப்பட்டிருக்கின்றன. 2016-இல் வந்த நம் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, இனப்பெருக்கம், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகவல் அவர்களுக்குக் கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு என்கிறது. காகிதத்தில் உள்ள அந்த உரிமை கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவர் வாய் திறந்தால்தான் நோயாளியை எட்டும்.

இத்துறைக்கு வரும் இளைய தெரபிஸ்டுகளுக்கு ஒன்று சொல்வேன். நோயாளி கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கதவை மூடிக்கொண்டு, மரியாதையோடு, நீங்கள் முதலில் பேசுங்கள். அடிபட்டவருக்கும் அவருடைய துணைக்கும் ஒன்று சொல்வேன். உங்களிடம் யாரும் கேட்கவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதில் சொல்வது எங்கள் வேலை.